மக் பிரஸ் வாங்குமுன்

மக் பிரிண்டிங் கடை போடுகிறவர்கள் பணத்தைப் பங்கு பிரிப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் பங்கு பிரிண்டருக்கு. அடுத்து இங்க், பேப்பர், ஒரு பெட்டி வெள்ளை மக். இவ்வளவும் போக மிச்சம் இருப்பதில் பிரஸ். “சூடு பண்ற சாமான்தானே, எதை வாங்கினா என்ன?” என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் காட்டிய முதல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வளைகாப்புக்கு ஐம்பது மக் என்று ஆர்டர் வரும்போதுதான் வினை தெரியும். முதல் மக்கில் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் அரக்காகவே வந்திருக்கும். பத்தாவதில் அது செங்கல் நிறம். இருபதாவதில் கைப்பிடி ஓரம் வெளுத்துப் போயிருக்கும். திட்டு விழுவதென்னவோ இங்க்குக்கு.

படம் பேப்பரில் இருக்கும்வரைதான் பிரிண்டரின் பொறுப்பு. அங்கிருந்து மக்குக்குக் கொண்டு சேர்ப்பது பிரஸ்ஸின் வேலை. முதல் மக்கும் முப்பதாவது மக்கும் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இருக்க வேண்டும். பிரஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். பெயின்ட், பெரிய டிஸ்பிளே, கூடவே வரும் இலவசச் சாமான்கள் எல்லாம் பிறகு.

சப்ளிமேஷன் இங்க்கில் இருக்கும் சாயம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில், உருகி ஓடாமல் நேரே ஆவியாகும். மக்கின் வெளிப்புறத்தில் பாலியஸ்டர் வகைப் பூச்சு ஒன்று உண்டு. அதே சூட்டில் அந்தப் பூச்சு இளகி, ஆவியாக வரும் சாயத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, ஆறியதும் இறுகிவிடும். அதனால்தான் படம் தேய்த்தாலும் போவதில்லை. அதனால்தான் அடுக்களையில் இருக்கும் சாதாரணப் பீங்கான் மக்கில் எவ்வளவு நேரம் வைத்தாலும் படம் ஏறுவதில்லை. இதற்குத் தேவை மூன்று: சூடு, பிரஷர், நேரம். நேரத்தை மிக மலிவான டைமர்கூடச் சரியாக எண்ணிவிடும். சூடும் பிரஷரும்தான் மெஷினுக்கு மெஷின் மாறுகின்றன. நீங்கள் கொடுக்கும் விலை அந்த இரண்டுக்குத்தான்.

எலிமென்ட்

மக்கைச் சுற்றிப் பிடிக்கும் அந்த வளைந்த ரப்பர் பட்டையைத்தான் கடைகளில் எலிமென்ட் என்கிறார்கள். சிலிக்கான் ரப்பருக்கு நடுவே சூடாகும் கம்பியோ உலோகத் தகடோ புதைத்திருக்கும். அதன் பின்னால் ஒரு மெத்தைப் பட்டை, அதற்கும் பின்னால் தகரக் கூடு. வெளியே இருக்கிற இரும்பு, லீவர், திருகு எல்லாம் இந்தப் பட்டையைச் சரியாகப் பிடித்து வைப்பதற்காகத்தான் இருக்கின்றன.

நம் ஊரில் அதிகம் புழங்குவது 11 அவுன்ஸ் மக். கடைக்காரர்கள் 325 மில்லி என்றும் 330 மில்லி என்றும் சொல்வது இதைத்தான். விட்டம் ஏறத்தாழ 8.2 செ.மீ., உயரம் 9.5 செ.மீ. சுற்றளவு 25.8 செ.மீ. வரும். கைப்பிடிக்கு இடம் விட்டு 20 செ.மீ. அகலத்துக்குப் படம் போடுவது வழக்கம். இனி எலிமென்ட்டை அளந்து பாருங்கள். ரப்பரின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளப்பதில் பயனில்லை. ஓரத்து ரப்பரில் கம்பி ஓடாது, அது சூடாகாது. பட்டையை விரலால் தடவினால் கம்பி ஓடும் இடம் லேசான மேடாகத் தட்டுப்படும். அந்த மேடு உங்கள் படத்தைவிட நான்கு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். படமும் மேடும் ஒரே அளவு என்றால் ஓரங்கள் வெளுக்கும். கைப்பிடி ஓரம் இரட்டிப்பாக வெளுக்கும், ஏனென்றால் பட்டையின் இரு முனைகளும் அங்கேதான் முடிகின்றன. கைப்பிடியும் தன் பங்குக்குச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

பட்டையின் உள்பக்கம் வழவழப்பாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடையில் டெமோ காட்டியே ஓய்ந்துபோன மெஷினைப் புதிது என்று தலையில் கட்டினால், உள்பக்கம் பழுப்பேறியோ கொப்புளம் கண்டோ இருக்கும். கொப்புளம் இருக்கும் இடத்தில் பட்டை பேப்பரை ஒட்டி உட்காராது. ஒவ்வொரு மக்கிலும் அதே இடத்தில் ஒரு வெளிறிய திட்டு விழும்.

இன்னொரு விஷயம் வடிவம். எலிமென்ட் உருளை வடிவம் என்றால் உருளை மக்குக்கு மட்டும்தான். மேலே அகன்று கீழே குறுகும் லாட்டே மக்கை அதில் வைத்தால் மேல்பாதி இறுக, கீழ்பாதி காற்றில் நிற்கும். அதற்குச் சரிவான எலிமென்ட் தனியாக வாங்க வேண்டும். “இதுலேயே எல்லா மக்கும் போடலாம் சார்” என்று சொல்லும் கடைக்காரரிடம் ஒரு லாட்டே மக்கைக் கொடுத்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கன்ட்ரோலர்

டிஸ்பிளேயில் 180 என்று எரிவதால் மக் 180 டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சென்சார் எலிமென்ட்டை ஒட்டி ஓரிடத்தில் இருக்கிறது. அந்த ஓரிடத்தின் சூட்டைத்தான் டிஸ்பிளே காட்டுகிறது. இதில் இரண்டு வியாதிகள் சகஜம். ஒன்று, எகிறுவது. மலிவான கன்ட்ரோலர், சொன்ன சூடு வந்த பிறகுதான் கரண்ட்டை நிறுத்தும். அதற்குள் கம்பியில் சேர்ந்த சூடு பட்டையை மேலும் பத்து, பதினைந்து டிகிரி ஏற்றிவிடும். நல்ல கன்ட்ரோலர் இலக்கு நெருங்கும்போதே கரண்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்துத் தணிக்கும். வெள்ளை மக்கில் இந்த வித்தியாசத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். மேஜிக் மக்கில் முடியாது. சுடுதண்ணீர் ஊற்றினால் கறுப்பு மறைந்து படம் தெரிகிற அந்தப் பூச்சு, சூடு மிஞ்சினால் கெட்டுப்போய், பிறகு கறுப்பு முழுதாகத் திரும்பாது. மேஜிக் மக் ஆர்டர்தான் உங்கள் கணக்கு என்றால் கன்ட்ரோலரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டாவது வியாதி எழும்ப நேரமாவது. தோசைக்கல்லில் மாவை ஊற்றியதும் கல் ஆறுவதுபோல, குளிர்ந்த மக்கை வைத்து லீவரை மூடியதும் எலிமென்ட்டின் சூடு மளமளவென்று இறங்கும். எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதை டிஸ்பிளேயில் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். காலி மக் 300 முதல் 350 கிராம் எடை இருக்கும். அவ்வளவு பீங்கானை 30 டிகிரியிலிருந்து 180-க்கு ஏற்ற, 350 வாட் எலிமென்ட் தன் சூட்டில் துளிகூட வீணாக்காமல் கொடுத்தாலும் இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகவே “நாற்பதே செகண்டில் மக் ரெடி” என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

நல்ல மெஷின்களில் இரண்டு சூடு வைக்கும் வசதி இருக்கும். மக் இல்லாமல் சும்மா இருக்கும்போது 120 டிகிரி போலக் குறைந்த சூடு; மக்கை வைத்து பட்டனை அழுத்தியதும் 180-க்கு ஏறி, ஏறிய பிறகே டைமர் எண்ணத் தொடங்கும். இந்த வசதி இல்லாத மெஷினை வாங்காதீர்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். எலிமென்ட்டின் ஆயுளைத் தின்பது பிரிண்ட் போடும் வேலையல்ல. மக் இல்லாமல் முழுச்சூட்டில் வெறுமனே எரிந்துகொண்டிருப்பதுதான். டீ குடிக்கப் போய் வருகிற நேரமெல்லாம் ரப்பர் கெட்டுக்கொண்டே இருக்கும்.

டைமர் எப்போது எண்ணத் தொடங்குகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியவுடன் எண்ணும் மெஷினில் 180 விநாடியும், சூடு ஏறிய பிறகு எண்ணும் மெஷினில் 180 விநாடியும் ஒன்றல்ல. ஒருவர் சொன்ன செட்டிங்கை இன்னொருவர் அப்படியே போட்டுக் கெடுத்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கடையில் சோதிப்பது

கடைக்காரர் தயாராக வைத்திருக்கும் பூப்படம், சூரியகாந்தி, குழந்தைச் சிரிப்பு எதையும் நம்ப வேண்டாம். பல நிறம் கலந்த படத்தில் குறை ஒளிந்துகொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனைப் படம் தயார் செய்யுங்கள். 20 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். மேல் ஓரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடித்த கறுப்புப் பட்டை. கீழ் ஓரத்திலும் அதேபோல் ஒன்று. நடுவில் சாம்பல் நிறம் ஒரே சீராக. அதன் மேல் சின்ன எழுத்தில் இரண்டு வரி தமிழ். ‘ண’வும் ‘ஐ’யும் ‘ஞ’வும் நிறைய வரும்படியாக எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பிம்பமாக ஐந்தாறு பிரதி எடுத்து, உங்கள் பெட்டியிலிருந்தே ஐந்தாறு மக், சூடு தாங்கும் டேப், இரண்டு தாள் பட்டர் பேப்பர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

போனவுடன் பிரிண்ட் போடச் சொல்லாதீர்கள். முதலில் பிரஷர். மெஷின் சூடாகாத நிலையில், நீளமாகக் கிழித்த மூன்று பேப்பர் துண்டுகளை மக்கின் வாய்ப்பக்கம், நடு, அடிப்பக்கம் மூன்றிலும் வைத்து லீவரை மூடுங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். அடிப்பக்கத் துண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கூடு கோணலாக இருக்கிறது, அல்லது பின்னால் உள்ள மெத்தை சமமாக இல்லை. திருகைத் திருப்பி இறுக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். இறுக்கினால் வாய்ப்பக்கம் இன்னும் இறுகுமே தவிர அடிப்பக்கம் சரியாகாது. அளவு மீறி இறுக்கினால் மக் விரிசல் விடும். திருகு சுலபமாகச் சுற்றுகிறதா, சுற்றிய இடத்தில் நிற்கிறதா என்பதும் முக்கியம். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் மக்கின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். திருகை அடிக்கடித் தொட வேண்டி வரும்.

பிறகு மெஷினைச் சூடேற்றி, மூன்று மக்கை ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் இடைவெளி விடாமல் போடச் சொல்லுங்கள். ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு, “பார்த்தீங்களா தம்பி, எப்படி வந்திருக்கு!” என்று பில் புத்தகத்தை எடுப்பார்கள். “அண்ணே, இன்னும் ரெண்டு போட்டுப் பாத்துக்கிறேன்” என்று நின்றுகொள்ளுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் கடை, நாளை ரிப்பேர் என்று போனாலும் முகம் சுளிக்கத்தான் போகிறது.

மூன்று மக்கும் ஆறியதும் வரிசையாக, வாசலின் வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் கறுப்பு எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். மேல் பட்டையும் கீழ் பட்டையும் ஒரே கறுப்பா? முனைகளில் வெளுப்பு உண்டா? கறுப்பு லேசாகக் காபிப்பொடி நிறம் காட்டினால் சூடோ நேரமோ மிஞ்சிவிட்டது. கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால் சூடு போதவில்லை. சாம்பல் பரப்பில் திட்டு இருந்தால் எலிமென்ட் சமமாகச் சூடாகவில்லை. தமிழ் எழுத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டு போங்கள். ‘ண’வின் சுழி அடைத்திருந்தாலோ, எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு எழுத்து தெரிந்தாலோ, சூட்டில் பேப்பர் நகர்ந்திருக்கிறது. லீவரைத் திறக்கும்போது பட்டை பேப்பரை இழுத்துக்கொண்டு வரும் மெஷின்களில் இது நடக்கும். ஆங்கில எழுத்தில் இந்தக் குறை அவ்வளவு தெரியாது. கல்யாணப் பரிசு மக்கில் மாப்பிள்ளை, பெண் பெயர் தமிழில் வரும்போது பளிச்சென்று தெரியும்.

கையில் வைத்துச் சுட்டுப் பார்க்கும் தெர்மாமீட்டர் துப்பாக்கி இருந்தால் கொண்டு போகலாம். மக்கை எடுத்த கையோடு பட்டையின் உட்புறத்தில் நடு, இரண்டு முனை, மேல், கீழ் என ஐந்து இடம் பாருங்கள். ஐந்து டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் அந்த மெஷின் வேண்டாம். கொரோனா காலத்தில் நெற்றியில் வைத்துப் பார்த்த துப்பாக்கி இதற்கு உதவாது. அது காய்ச்சல் அளவோடு நின்றுவிடும். பட்டறைகளில் வைத்திருக்கும் வகை வேண்டும்.

முதல் ஓரிரு முறை ரப்பர் வாடையும் மெல்லிய புகையும் வரும். புது எலிமென்ட்டில் அது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

ஐந்தும் ஒன்றில்

“மக், பிளேட், தொப்பி, டீ-ஷர்ட் எல்லாமே ஒரே மெஷினில்” என்று விற்கும் ஐந்து-இன்-ஒன், எட்டு-இன்-ஒன் மெஷின்களுக்குப் புதியவர்கள் மயங்குவது நியாயம்தான். தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவைவிட மிகக் குறைவு. போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், மாதத்துக்குப் பத்து மக், ஐந்து டீ-ஷர்ட் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறவர் என்றால் வாங்கலாம். மக் தொழில் செய்யப்போகிறவருக்கு அது சரிப்படாது.

பெரும்பாலான கூட்டு மெஷின்களில் கன்ட்ரோலர் ஒன்றுதான். மக் எலிமென்ட்டை மாட்டினால் டீ-ஷர்ட் தட்டு சும்மா இருக்கும். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்தப் பிளக் தளர்ந்து, உள்ளே பொறி தட்டி, கடைசியில் கரிந்துபோகும். மக் பிடிக்கும் கூடும் தனி மெஷினில் இருப்பதுபோல உறுதியாக இருக்காது. அதே பணத்தில் நல்ல தனி மக் பிரஸ் ஒன்று வாங்கிவிட்டு மிச்சத்தை மக்காக இருப்பு வைப்பது மேல். டீ-ஷர்ட் ஆர்டர் வந்தால், அதற்கென்று தட்டையான பிரஸ் வாங்கும் நாள் வரும்வரை பக்கத்துக் கடையில் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

மொபைல் கவர் போடுகிறவர்கள் வைத்திருக்கும் வேக்கம் மெஷினிலும் மக் போடலாம். அடுப்புபோல ஒரு பெட்டி. சிலிக்கான் உறை மாட்டிய பல மக்கை ஒரே தடவையில் உள்ளே தள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மக்குக்கும் உறை மாட்டிக் கழற்றுவது நேரம் தின்னும். சூடு தவறினால் ஒன்றோடு போகாது, உள்ளே இருக்கும் அத்தனையும் கெடும். கவர் வியாபாரம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது கூடுதல் வரும்படி. மக்கிலேயே தொடங்குகிறவர்களுக்கு அவசியமில்லை.

கரண்ட்

மக் பிரஸ் 300 முதல் 400 வாட் வரைதான் எடுக்கும். வீட்டில் ஃபேன், டிவி ஓடும் சாதாரண பிளக் போதும். ஒரு மக்குக்கு எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு யூனிட் கரண்ட்டில் முப்பது மக்குக்கு மேல் அடித்துவிடலாம். ஆக, “கரண்ட் மிச்சம்” என்று சொல்லி ஒரு மெஷினுக்குக் கூடுதல் விலை கேட்டால் அதில் பொருளில்லை. கெட்டுப்போன ஒரு மக்கின் விலை பல யூனிட்டை விழுங்கிவிடும்.

வோல்டேஜ்தான் நிஜமான தலைவலி. 230 வோல்ட்டுக்குச் செய்த எலிமென்ட், 180 வோல்ட்டில் ஐந்தில் மூன்று பங்குச் சூடுதான் கொடுக்கும். 350 வாட் என்று வாங்கியது 215 வாட்டாக வேலை செய்யும். மாலையில் தெரு முழுக்க விளக்கும் மோட்டாரும் போடும்போது மக் வெளுத்து வருவதன் ரகசியம் இது. சுற்றுவட்டாரத்தில் வோல்டேஜ் ஆடும் என்றால் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிடுங்கள். சூடு ஏறிய பிறகே எண்ணும் டைமரும் இந்த இடத்தில் கைகொடுக்கும். மக் பிரஸ்ஸுக்கு இன்னொரு வசதி: மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈ.பி.காரர்கள் பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தும் நாளில், வீட்டு இன்வெர்ட்டரிலேயே அவசர ஆர்டரை முடிக்கலாம். ஆயிரம் வாட்டைத் தாண்டும் டீ-ஷர்ட் தட்டை வைத்துக்கொண்டு அது நடக்காது.

எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினைத் தொடாதீர்கள். மூன்று முள் பிளக் இருப்பதாலேயே எர்த் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட முடியாது. உள்ளே ஒயரே சேர்க்காமல் வரும் மெஷின்கள் உண்டு. எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் மல்டிமீட்டர் வைத்து, பிளக்கின் பெரிய முள்ளுக்கும் மெஷினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஸ்பேர், பில்

எலிமென்ட் தேய்மானப் பொருள். எவ்வளவு நல்ல மெஷினிலும் ஒருநாள் போகும், அதுவும் பொங்கலுக்கு முந்தின வாரம் பார்த்துத்தான் போகும். வாரன்டி என்று ஓராண்டு எழுதியிருப்பார்கள். அதில் எலிமென்ட் சேருமா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் மழுப்பலாக வரும். எனவே மெஷின் விலையைக் கேட்கும்போதே ஸ்பேர் எலிமென்ட் விலையையும் கேட்டு, ஒன்றைக் கையோடு வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்பேர் கடையில் இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும் என்றால் அந்த மெஷினையே யோசித்து வாங்குங்கள். எலிமென்ட் வட்ட பிளக்கில் மாட்டியிருந்தால் நீங்களே மாற்றலாம். நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண்ணும் வாட்டும் எழுதியிருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் மக் போடுவது வரை மொபைலில் வீடியோ எடுத்து வைப்பது, திருப்பி அனுப்ப நேர்ந்தால் உதவும்.

இரண்டாவது பிரஸ்

ஒரு பிரஸ்ஸில் மணிக்குப் பன்னிரண்டு மக். நூறு மக் ஆர்டர் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதில் பாதி நேரம் மக் வேகும்வரை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. பெரிய மெஷினுக்குத் தாவுவதைவிட, அந்த வேடிக்கை நேரத்தில் இன்னொரு பிரஸ்ஸை ஓட்டுவது சுலபம். ஒன்றில் மக் வெந்துகொண்டிருக்கும்போது மற்றொன்றில் எடுத்து மாட்டலாம். ஒருவரே இரண்டைச் சமாளிப்பார். மூன்றாவது வைத்தால் டேப் ஒட்டிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். இரண்டாவதை வாங்கும்போது அதே மாடலையே கேளுங்கள், விலை குறைவாக வேறொன்று கிடைத்தாலும். ஸ்பேர் எலிமென்ட் ஒன்று இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றில் சரிசெய்து சுவரில் எழுதி ஒட்டிய செட்டிங்கையும், ஓரிரு டிகிரி திருத்தி, மற்றதில் போட்டுக்கொள்ளலாம்.